அம்மா, நீ ஏன் சிரிச்ச?

நான்கு வருடத்துக்கு முன் ஒரு தீபாவளி மத்தியானம். இலையில் சாப்பிட்டு முடித்துவிட்டு எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். டிவியில் பழைய குடும்பப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆறேழு வயதில் எங்கள் ஊர் டென்ட் கொட்டகையில் மணலை மேடாகக் குவித்து, அதன்மேல் பாதியும் அம்மா மடியில் பாதியுமாக உட்கார்ந்து நான் பார்த்த படம். புருஷனை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருக்கும் மனைவிக்குப் பளாரென்று ஒரு அறை விழும். அதோடு அவள் அடங்கிவிடுவாள். அடுத்த காட்சியில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அவனுக்குக் காபி கொண்டுவருவாள். அன்றைக்குக் கொட்டகையே விசிலடித்தது. பெண்கள் பக்கத்திலிருந்தும் 'அப்படிப் போடு' என்று ஒரு குரல் வந்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

டிவியில் அந்த அறை விழுந்தபோது நான் சிரித்தேன். பழைய ஞாபகம். அம்மாவின் சேலை வாசனை, முறுக்குப் பொட்டலம் எல்லாம் ஒன்றாக வந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளுக்கு அப்போது பத்து வயது. அவள் திரையை விட்டுவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அதை நான் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டாள்: "அம்மா, அந்த அக்காவை அடிச்சப்போ நீ ஏன் சிரிச்ச?"

"அது அந்தக் காலத்துப் படம் கண்ணு" என்றேன்.

"படம் அந்தக் காலத்துது. நீ சிரிச்சது முந்தாநேத்துதானே?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் அந்தக் கேள்விதான் எனக்கு முதல் பாடம். பிள்ளைகளோடு படம் பார்க்கும்போது எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதைத்தான் பெற்றவர்கள் எல்லாரும் யோசிக்கிறோம். அந்த நேரத்தில் நம் முகம் என்ன காட்டுகிறது என்று யோசிப்பதில்லை. எது சரி, எது சிரிப்பு, எது அசிங்கம் என்பதைப் பிள்ளைகள் நம் முகத்தில்தான் படிக்கிறார்கள்.

எங்கள் வீடு ஊத்துக்குளியில். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில். மகளுக்கு இப்போது பதினாலு, மகனுக்கு எட்டு. வீட்டில் மாமனாரும் இருக்கிறார், பிள்ளைகளுக்கு அப்பாரு. மாமியார் தவறி மூன்று வருடம் ஆகிறது. கல்வியாளர் யாரும் எங்கள் வீட்டில் இல்லை. தப்புச் செய்து தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

மகனுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிய கையோடு திருப்பூரிலேயே படத்துக்குப் போனோம். பெரிய நடிகர் படம். குடும்பத்தோடு பார்க்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். படம் தொடங்கும் முன் காட்டும் தணிக்கைச் சான்றிதழை நான் வாசிக்கவே இல்லை, பாப்கார்னைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன். இடைவேளை முடிந்ததும் ஒரு ஆளைக் கட்டிவைத்து வெட்டுகிற காட்சி. சட்டென்று முந்தானையை இழுத்துப் பையன் முகத்தை மூடி, அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். காட்சி போனதும் எடுத்துவிட்டேன். நல்ல வேலை செய்துவிட்டதாகத்தான் அப்போது நினைப்பு.

அன்றைக்கு ராத்திரி அவன் தூங்கவில்லை. மறுநாளும் இல்லை. லைட்டை அணைக்கவே விடவில்லை. "அம்மா, அந்த மாமாவுக்கு என்னதான் ஆச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். "ஒண்ணுமில்ல சாமி, தூங்கு" என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாலாம் நாள் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, அவனை மடியில் உட்காரவைத்து, "நீ என்ன ஆச்சுன்னு நெனச்ச?" என்று கேட்டார்.

"மெஷின்ல போட்டு அரைச்சுட்டாங்க."

கண்ணைத்தான் மூடியிருந்தேன், காது திறந்திருந்தது. அந்தச் சத்தத்தை வைத்து, திரையில் இருந்ததைவிடக் கொடூரமான ஒரு படத்தை அவனே தலைக்குள் எடுத்து வைத்திருந்தான். அவர் பொறுமையாகச் சொன்னார்: "கையில வெட்டுனாங்க. அது ரப்பர்ல செஞ்ச கை. உள்ள சிவப்புச் சாயத்த ஊத்தி வச்சிருப்பாங்க, அப்பாவோட பட்டறையில இருக்கில்ல, அது மாதிரி. வெட்டி முடிச்சதும் அந்த மாமா எந்திரிச்சுப் போய் டீ குடிச்சிருப்பாரு." பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ஒரு தாளில் கை வரைந்து அதற்குச் சிவப்பு அடித்தான். அன்றைக்குத் தூங்கிவிட்டான்.

அதிலிருந்து தியேட்டரில் எப்போதும் ஓரச் சீட்டுத்தான் எடுக்கிறோம். கொடூரமான காட்சி வருகிறது என்று தெரிந்தால் முகத்தை மூடுவதில்லை. எங்களில் ஒருவர் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவோம், சத்தம் கேட்காத தூரம் வரைக்கும். திரும்பி வந்ததும், "நீ போனப்போ அந்தத் திருடனும் போலீசும் சண்டை போட்டாங்க, திருடன் தப்பிச்சுட்டான்" என்று இரண்டு வரியில் கதையைச் சொல்லிவிடுவோம். இடையில் என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும், அவனுக்கு அது பயமாக இருப்பதில்லை. என்ன நடந்தது என்றே தெரியாமல் விடுவதுதான் ராத்திரி முழுக்கத் துரத்துகிறது.

சான்றிதழை இப்போது முதலிலேயே பார்த்துவிடுகிறேன். முன்பு 'யுஏ' என்று ஒன்றுதான் இருந்தது, 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். 2023-இல் சட்டத்தைத் திருத்தி, 2024-இல் புது விதிகள் வந்த பிறகு அதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். டிக்கெட் எடுக்கும் ஆப்பிலேயே பெரும்பாலும் அது போட்டிருக்கிறது. 'ஏ' என்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தியேட்டருக்குள் விடவே கூடாது. யுஏ அப்படி இல்லை. 16+ படத்துக்கு எட்டு வயதுப் பையனைக் கூட்டிப் போனாலும் வாசலில் யாரும் தடுக்கமாட்டார்கள், முடிவு நம் கையில்தான். ஓடிடி-க்கும் 2021 விதிகளிலிருந்து இதே மாதிரி வயதுப் பிரிவு உண்டு. 13+ படங்களையும் அதற்கு மேற்பட்டதையும் பூட்டிவைக்கும் வசதியையும் அவர்கள் தந்தாக வேண்டும். எங்கள் டிவியில் போட்டிருக்கிறோம். போட்டுவையுங்கள், பத்து நிமிட வேலைதான்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அடிதடியை ரப்பர் கை என்று சிரித்துக்கொண்டே பார்க்கிற என் மகன், எல்லாரும் பார்க்கலாம் என்று 'யு' போட்ட ஒரு படத்தில் குட்டி யானை தாயைப் பிரிகிற காட்சிக்கு மூன்று நாள் ஏங்கி ஏங்கி அழுதான். எந்தப் பிள்ளைக்கு எது தாங்காது என்பது வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். அவனுக்கு ரத்தம் ஒன்றும் செய்யாது, அம்மாவைப் பிரிவது ஆகாது. அதனால் ஏற்கனவே படம் பார்த்த யாரிடமாவது "சண்டை இருக்கா?" என்று நான் கேட்பதில்லை. "அம்மா சாகறாங்களா?" என்று கேட்கிறேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சினிமாவில் வெட்டுக்குத்து வந்தால் பதறுகிற நான், அப்பாரு பேரனுக்கு அண்ணமார் சாமி கதை சொல்லும்போது ஒரு நாளும் தடுத்ததில்லை. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பி கதை அது, அதில் இல்லாத சண்டையா? கடைசியில் படுகளம். அண்ணன்மார் மாண்டு கிடப்பதும் அவர்கள் தங்கை தங்காள் தேடி அலைவதும் கேட்டால் பெரியவர்களுக்கே தொண்டை அடைக்கும். இந்தப் பக்கத்தில் கோயிலில் உடுக்கடித்துப் பல ராத்திரி பாடுவார்கள். அப்பாரு சின்னப் பையனாக விடிய விடியக் கேட்டவர். கனடாவிலிருந்து வந்து இந்தப் பக்கத்துக் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் 1965-இல் இந்தக் கதையைப் பதிவு செய்தார், பின்னாளில் அது 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் வந்தது. அதையும் பையனுக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்தான். ஆனாலும் ராத்திரி ஆனால் அப்பாரு கட்டிலுக்குத்தான் போகிறான்.

ஏன் அதற்குப் பயப்படவில்லை என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். அப்பாரு பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறார். அவன் கண் அகலமாக விரிந்தால் கொஞ்சம் நிறுத்துகிறார், வெற்றிலையை மடிக்கிறார். "அப்பறம் என்னாச்சுங் அப்பாரு?" என்று அவன் கேட்ட பிறகுதான் அடுத்தது. அவன் கேட்காவிட்டால் கதையை வயக்காட்டுப் பக்கம் திருப்பி, ஏர் ஓட்டினதையும் குளத்தில் தண்ணீர் வந்ததையும் சொல்கிறார். படுகளத்தைச் சொன்ன ராத்திரி, தங்காள் அண்ணன்மாரை எழுப்புகிறவரை அவனைத் தூங்க விடவில்லை. "பாதியில படுத்தா கெட்ட கனா வரும் அப்புனு, எந்திரிக்கிற வரைக்கும் கேட்டுட்டுப் படு" என்றார். தியேட்டரில் ஓடுகிற படத்துக்குப் பிள்ளையின் முகம் தெரியாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாம்தான் செய்ய வேண்டும். வீட்டில் படம் பார்க்கும்போது ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்து, பையன் முகம் மாறினால் நிறுத்திப் பேசிவிட்டுப் பிறகு ஓடவிடும் பழக்கம் அப்படித்தான் வந்தது. முதலில் மகளுக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அவளே நிறுத்துகிறாள்.

பாட்டு விஷயத்தில்தான் நான் அதிகம் தப்புச் செய்தேன்.

எங்கள் கம்பெனியில் காலையிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஓவர்லாக், பேட்லாக் மெஷின் சத்தத்துக்கு நடுவில் தாளம் மட்டும்தான் காதில் விழும். பீஸைப் புரட்டி, நூல் பிசிறு பார்த்து, ஆயில் கறை பார்த்து அடுக்கிக்கொண்டே இருப்போம். கை தாளத்துக்குப் போகும், வாய் வரியை முணுமுணுக்கும், மனசில் ஒன்றும் ஏறாது. அப்படி ஏறாமலே எனக்கு நூறு பாட்டு மனப்பாடம்.

போன வருடம் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து, குலதெய்வக் கோயிலில். மைக் செட்டுக்காரர் யாராவது பாடுங்கள் என்று மைக்கை நீட்டினார். என் மகன் ஓடிப்போய் வாங்கி, ஒரு பெண்ணின் உடம்பை வர்ணிக்கிற இரண்டு வரியைச் சுதி சுத்தமாகப் பாடினான். மாமன்மார்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு முகம் தீய்ந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் நிறுத்தி, தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். "எங்கடா கத்துக்கிட்ட இத?"

அழுதுகொண்டே சொன்னான்: "நீதாம்மா பாத்திரம் கழுவறப்போ பாடுவ."

ஆமாம். நான்தான் பாடுவேன்.

அதற்கப்புறம் அவன் பாடுவதை நிறுத்தவில்லை. போர்வைக்குள்ளே, நான் பக்கத்தில் வந்தால் வாயை மூடிக்கொண்டு பாடினான். கிள்ளினதில் அவன் கற்றுக்கொண்டது அவ்வளவுதான், அம்மாவுக்குத் தெரியாமல் பாட வேண்டும் என்று. இரண்டு வாரம் கழித்து நான் போய்ப் பக்கத்தில் படுத்து, "அன்னைக்கி அம்மா கிள்ளுனது தப்பு. அந்தப் பாட்டுல என்ன சொல்லுதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. "டம் டக்கு டம் டக்குன்னு வருதில்ல, அது புடிச்சிருக்கு" என்றான். "அந்தத் தாளம் எனக்கும் புடிக்கும். ஆனா வரியில ஒரு அக்காவப் பத்தி அசிங்கமாப் பேசுது. நம்ம அக்காவப் பத்தி அப்படி யாராவது பாடுனா நமக்குப் புடிக்குமா?" என்றேன். யோசித்துவிட்டு, "அப்பன்னா டம் டக்கு மட்டும் பாடறேன்" என்றான். இன்றைக்கு வரைக்கும் அந்த வரி வரும் இடத்தில் அவன் தாளத்தைத்தான் பாடுகிறான். நானும் அப்படித்தான்.

பாட்டுக்கு வயதுச் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. தணிக்கை படத்துக்குத்தான். படம் வருவதற்குப் பல வாரம் முன்பே யூடியூபில் வந்துவிடும் பாட்டுக்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. பிறகு தியேட்டரில் அதே வரி சத்தமில்லாமல் போவதும் உண்டு, அதற்குள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அது பாடமாகியிருக்கும். ஆகவே நாம் கேட்டாக வேண்டும், வரியையும் சேர்த்து.

எங்கள் வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தோம். பொழுதோட சமையல் நேரத்தில் சமையலறை ஜன்னலில் சின்ன ஸ்பீக்கரை வைத்து, ஆளுக்கு ஒரு பாட்டு முறை வைத்துப் போடுவோம். யார் பாட்டையும் யாரும் பாதியில் நிறுத்தக்கூடாது. முடிந்ததும் பிடித்தது, பிடிக்காதது ஒன்று சொல்லலாம். காதுக்குள் செருகிக்கொள்கிற பாட்டு எதுவென்று நமக்குத் தெரியாது. ஜன்னலில் ஓடினால் தெரிந்துவிடும்.

என் முறை வந்தபோது, நான் பத்தாவது படிக்கும்போது உயிராக இருந்த ஒரு காதல் பாட்டைப் போட்டேன். அந்தப் பாட்டுக்காகவே தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, கடையில் கேசட் பதிந்து வாங்கினவள் நான். மகள் அரிசியும் பருப்பும் சாதத்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "டியூன் சூப்பர். ஆனா அவ வேண்டாம்னு சொல்லிட்டே இருக்கா, இவன் பின்னாடியே போறானேம்மா" என்றாள். இருபத்தைந்து வருடமாக அந்தப் பாட்டைக் கேட்கிறேன், அந்த 'வேண்டாம்' என் காதில் விழுந்ததே இல்லை. மனசு கொஞ்சம் நொந்தது, நமக்குப் பிடித்ததைப் பிள்ளை குறை சொல்லும்போது நோகத்தான் செய்யும். ஆனால் தீபாவளி அன்றைக்குப் போல் மழுப்பவில்லை. "நீ சொல்றது சரி கண்ணு. நான் இவ்வளவு நாளா இத இப்படிக் கேக்கவே இல்ல" என்றேன். பாட்டை இன்னும் வைத்திருக்கிறேன், எப்போதாவது கேட்கிறேன்.

மகனுக்குத் தாளம்தான் வேண்டும் என்று புரிந்த பிறகு, பக்கத்து ஊரில் வள்ளிக் கும்மி பழக்குகிற இடத்தில் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டோம். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயா 2024-இல் பத்மஸ்ரீ வாங்கியது இந்தக் கும்மிக்காகத்தான், அப்போது அவருக்கு 87 வயது. ஆண்கள் ஆடிக்கொண்டிருந்த கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். அதுவும் காதல் கதைதான். வேடனாகவும் கிழவனாகவும் வந்து முருகன் வள்ளியைச் சீண்டுகிற கதை. மகள் விடவில்லை, "இவரும் வேண்டாங்கறப்போ பின்னாடிதானே போறாரு?" என்றாள். அதையும் பேசினோம். எனக்கு முழுப் பதில் தெரியவில்லை, அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

கொரியப் பாட்டு வேறு கதை. ஏழாம் வகுப்பில் மகள் பி.டி.எஸ் என்ற கொரியக் குழுவின் பாட்டில் விழுந்தாள். ஏழு பேருடைய பிறந்தநாளும் தெரியும், எங்கள் கல்யாண நாள் தெரியாது. எனக்கு அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் புரியவில்லை. "இதெல்லாம் ஒரு பாட்டா" என்றேன். என் கேசட்டை நிறுத்திவிட்டு என் அப்பா சொன்ன அதே வார்த்தை. சொன்ன பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

2024 ஜனவரியில் கரூர்ப் பக்கத்துச் சிறுமிகள் மூன்று பேர், 13 வயதுப் பிள்ளைகள், அந்தக் குழுவைப் பார்க்கக் கொரியாவுக்குப் போவதாக வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறலாம் என்பது அவர்கள் திட்டம், கையில் 14,000 ரூபாய். காட்பாடி ரயில் நிலையத்தில் போலீசார் பார்த்து மீட்டார்கள். செய்தி வந்த அன்றைக்கே நாத்தனார் போன் செய்தார்: "மொதல்ல அந்தப் பாட்ட நிறுத்துங்." எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. மகளுக்கு அந்தப் பிள்ளைகளைவிட ஒரு வயதுதான் குறைவு. அன்று சாயங்காலமே போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஒரு வாரம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "அந்தப் புள்ளைக மூணு பேரும் அவங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல" என்றேன்.

"சொன்னா போனப் புடுங்கிருவாங்க" என்றாள்.

எண்ணெய்க் கையோடு எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். "உனக்குப் புடிச்ச மூணு பாட்டப் போடு, நான் கேக்கறேன்" என்றேன். போட்டாள். வரிக்கு வரி அர்த்தம் சொன்னாள். ஒரு நோட்டு முழுக்கக் கொரிய எழுத்தும் பக்கத்தில் தமிழில் உச்சரிப்பும் எழுதி வைத்திருந்தாள். அந்த ஊரிலும் அப்பாவை 'அப்பா' என்றும் அம்மாவைக் கிட்டத்தட்ட 'ஒம்மா' என்றும்தான் கூப்பிடுகிறார்கள் என்று காட்டினாள். பிள்ளைகளுக்கு எதிரான வன்முறையை எதிர்த்து 2017-இல் யுனிசெஃபோடு சேர்ந்து அவர்கள் ஒரு இயக்கம் தொடங்கியதைப் பற்றிச் சொன்னாள். எங்கள் ஊரில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை தானாக ஒரு மொழியின் எழுத்தைக் கற்றுக்கொள்கிறது, அதை நான் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

பிடிக்காததும் எனக்கு இருந்தது. அவர்களைப் போல வெள்ளையாக வேண்டும் என்று அவள் ஒரு கிரீம் கேட்டிருந்தாள். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வீடியோ பார்த்தாள். முன்பு இந்த எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி 'அந்தப் பாட்டு ஆகாது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பிரித்துச் சொன்னேன்: "பாட்டு எனக்குப் பரவால்ல, ஒண்ணு புடிச்சிருக்கு. ராத்திரி முழிக்கறது ஆகாது. உன்ற கறுப்புக்கு என்ன கொறச்சல்னு நீ கிரீம் கேட்டது எனக்கு நெஞ்சுல குத்துது." பாட்டைக் கேட்டேன் என்பதால்தான் மற்ற இரண்டையும் அவள் காது கொடுத்துக் கேட்டாள். போன் ஒன்பதரைக்கு என் தலைமாட்டுக்கு வந்துவிடும் என்று அன்றைக்குப் பேசி முடித்தோம். அது இன்றுவரை நடக்கிறது. கிரீம் பேச்சு மட்டும் அவ்வப்போது திரும்பி வருகிறது, வரும்போது பேசுகிறோம்.

புத்தகத்துக்கு வருகிறேன். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005-இலிருந்து நடத்துகிற புத்தகத் திருவிழாவுக்கு ஒவ்வொரு ஆகஸ்டிலும் ரயிலேறிப் போய்விடுவோம். வருடம் முழுக்கப் பிள்ளைகள் ஆளுக்கொரு உண்டியலில் சேர்ப்பார்கள். முதல் இரண்டு வருடம் அந்தக் காசில் நீதிக் கதையும் பொது அறிவும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவை இன்னும் அட்டை மடங்காமல் அலமாரியில் இருக்கின்றன. பிறகு பாதிப் பணத்துக்கு அவர்கள் இஷ்டம், என்ன எடுத்தாலும் முகம் சுளிப்பதில்லை என்று மாற்றினோம். மகள் பேய்க் கதை எடுத்தாள். மகன் லாரி படம் போட்ட புத்தகம் எடுத்தான், அதை எத்தனை தரம் வாசித்தான் என்று கணக்கே இல்லை. நானும் சின்ன வயதில் விக்கிரமாதித்தன் தோளில் பிணம் தொங்கும் கதைக்காகத்தானே அம்புலிமாமாவுக்குக் காத்திருந்தேன்.

புத்தகம் வாங்கக் காசில்லாத மாதங்களில் ஸ்டோரிவீவர் தளத்தில் பார்ப்போம். பிரதம் புக்ஸ் நடத்துவது, தமிழ்ப் படக் கதைகள் இலவசம், வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். வாசிக்கும்போது ஒன்று செய்கிறேன். கதையில் 'பாட்டி' என்று இருந்தால் 'அப்பத்தா' என்று மாற்றிக்கொள்வேன், பேச்சையெல்லாம் எங்கள் பேச்சாக்கிவிடுவேன். ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் எழுதிய 'நாகம்மாள்' நாவலைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் படித்தேன். எங்கள் வீட்டுப் பேச்சு அச்சில் ஏறும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சந்தோஷம் என் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே கிடைக்கட்டும்.

மாமியார் தவறிய அடுத்த வருடம், தெரியாமல் ஒரு படக் கதையை எடுத்துவிட்டேன். பாதியில் அதில் வரும் பாட்டி இறந்துபோகிறார். நானும் வழக்கம்போல் 'அப்பத்தா' என்று மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். 'அப்பத்தாளோட சேலை மட்டும் கொடியில ஆடிட்டு இருந்துச்சு' என்ற இடத்தில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. அழுகையைப் பிள்ளைக்குக் காட்டக்கூடாது என்று புத்தகத்தை மூடப் போனேன். பையன் என் விரலை விலக்கி, பக்கத்தைத் திருப்பி, மீதியை அவனே எழுத்துக் கூட்டி வாசித்தான். ஒவ்வொரு இடத்திலும் 'பாட்டி' என்று இருந்ததை அவனும் 'அப்பத்தா' என்று மாற்றிக்கொண்டான். முடிந்ததும், "எனக்கும் அப்பத்தா சேலை வாசம் ஞாபகம் இருக்கும்மா" என்றான். அவர் போன பிறகு அவன் அப்பத்தாளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. இனி இந்த மாதிரிப் புத்தகம் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் பையன் அதையேதான் எடுத்துவந்தான். நான் மறைக்கவில்லை. ஒன்று மட்டும் விட்டுவிட்டேன், கதை முடிந்ததும் 'இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?' என்று கேட்பதை. அந்தக் கேள்வி வந்ததும் அவன் முகம் பள்ளிக்கூட முகமாகிவிடுகிறது.

போன மாதம் ஒரு படம் வந்தது. 16+. வகுப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்களாம், பையன் ஒற்றைக் காலில் நின்றான். வீட்டுக்காரரும் நானும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அவனுக்கு ஆகாது என்று தெரிந்தது. 'நல்லா இல்ல' என்று பொய் சொல்லவில்லை. "படம் எங்களுக்குப் புடிச்சிருந்துச்சு. ஆனா அதுல ஒரு அம்மாவ அந்தப் பையன் கண்ணு முன்னாடியே கொன்னுருவாங்க. உனக்கு அது இப்ப வேண்டாம்" என்றேன். அழுதான். சாப்பிடமாட்டேன் என்றான். நான் இறங்கி வரவில்லை.

ராத்திரி அப்பாவிடம் போய், "அப்பன்னா கதைய மட்டுமாவது சொல்லுங்கப்பா" என்றான். அவர் பாயை விரித்து, காலை நீட்டி, அப்பாரு மாதிரியே ஆரம்பித்தார். கார் துரத்துவதற்கு வாயாலேயே சத்தம். சண்டைக்குத் தலையணை. அம்மா வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி, பையன் முகத்தைப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. அவரும் கதையை வேறு பக்கம் திருப்பினார். படிக்கிற புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மகளும் வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் ராத்திரி முடிந்தபோது இடைவேளை வரைக்கும்தான் வந்திருந்தார்கள்.